ஆசிரியரும் அவருடைய சங்கமும்



ஆசிரியர் தொழிற்சங்கம் தன் உறுப்பினர்களுக்கு எவ்வகையில் துணை நிற்கிறது, அவர்களுக்காக எங்கே, எப்படிப் பேசுகிறது என்பதைப் பற்றி இன்று உங்களோடு சில கருத்துகளைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நான் சங்கத் தலைவன் அல்லன். மேடைப் பேச்சாளனும் அல்லன். ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பணிபுரியும் ஆசிரியன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எனக்குப் பலவற்றைக் கற்றுக் கொடுத்தார்கள். பாடத்தை எப்படித் தொடங்குவது, பின்தங்கிய மாணவனை எப்படிக் கைதூக்கி விடுவது, பாடக்குறிப்பை எப்படி எழுதுவது என்பதெல்லாம் அங்கே கற்றவைதாம். ஆனால் ஓர் ஆசிரியருக்கு மேலதிகாரியிடமிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் என்ன செய்வது என்பதை அங்கே யாரும் சொல்லித் தரவில்லை. அதை நான் பின்னாளில் ஒரு சங்கக் கிளைச் செயலாளரிடம்தான் கற்றுக்கொண்டேன். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளிக்கு ஓர் இளைய ஆசிரியர் வந்தார். சிறிய பள்ளி. 150 மாணவருக்குக் குறைவாக இருந்தால் நம் நாட்டில் 'குறைந்த மாணவர் பள்ளி' என்பார்கள் அல்லவா, அந்த வகை. செம்பனைக்கு நடுவே ஒரு நீளக் கட்டடம், ஒரு சிற்றுண்டிச்சாலை, ஒரு திடல். விரல்விட்டு எண்ணக்கூடிய ஆசிரியர்கள். பாடம் நடத்துவது, கணக்கெழுதுவது, படிவம் நிரப்புவது, பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அவர்கள் வேலைதான். அந்தத் தம்பி சுறுசுறுப்பானவர். பிள்ளைகளுக்கு அவர்மேல் கொள்ளை ஆசை.

ஒருநாள் ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலையையும் திடலையும் பார்த்துக்கொள்ளும் முறை அவருடையது. அந்த நேரம் பார்த்து, நண்பகலுக்குள் அனுப்பவேண்டிய படிவம் ஒன்றைத் திருத்தித் தரும்படி அலுவலக அறைக்கு அழைத்தார்கள். 'ஐந்து நிமிட வேலைதானே' என்று எண்ணிப் போனார். போன இடத்தில் நேரமாயிற்று. திடலில் விளையாடிய மூன்றாம் ஆண்டுப் பையன் இரும்பு ஏணியிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டான்.

ஆசிரியரே தம் காரில் பையனை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். ஆனால் வீட்டுக்குச் செய்தி சொல்லும் பொறுப்பு யாருடையது என்று யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. அவர் சொல்லியிருப்பார் என்று இவரும், இவர் சொல்லியிருப்பார் என்று அவரும் இருந்துவிட்டார்கள். தோட்டத்தில் குலை வெட்டும் தொழிலாளியான அந்தத் தகப்பனாருக்கு மாலையில்தான் விவரம் தெரிந்தது. அவர் மனம் கொதித்துப் புகார் எழுதினார். எழுதியதில் தவறில்லை. பெற்ற மனம் அப்படித்தான்.

சில வாரங்கள் சென்றன. எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்தபோது அந்தத் தம்பிக்கு ஒரு கடிதம் வந்தது. கடமையில் அலட்சியமாக இருந்ததற்காக ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று காரணம் கேட்கும் கடிதம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றது இன்னும் என் கண்முன்னே இருக்கிறது. "அண்ணே, என் வேலை போயிடுமா?" என்று கேட்டார். அவருக்குத் திருமணமாகி ஓராண்டுகூட ஆகவில்லை. வயதான தாயார் அவர் சம்பளத்தை நம்பியிருந்தார்.

எனக்கும் பதில் தெரியவில்லை. கிளைச் செயலாளருக்குத் தொலைபேசியில் பேசினேன். அவர் வேறொரு பள்ளியில் ஆசிரியர். அன்றிரவே மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார்.

தம்பியிடம் அப்போதே இரண்டு பதில்கள் தயாராக இருந்தன. ஒன்று, 'எல்லாத் தவறும் என்னுடையதே, மன்னித்துவிடுங்கள்' என்று கெஞ்சும் கடிதம். மற்றொன்று, எல்லாப் பழியையும் தலைமையாசிரியர்மேல் போட்டுக் கோபத்தில் எழுதியது. செயலாளர் இரண்டையும் படித்துப் பார்த்து ஓரமாக வைத்தார். "தம்பி, உங்கள்மேல் தவறு இருந்தால் தவறு என்று எழுதுங்கள். இல்லாத தவறை எழுதாதீர்கள். அடுத்தவர் தவறை நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நடந்ததை நடந்த வரிசையில் சொல்லுங்கள்" என்றார்.

பிறகு அவர் செய்ததைத்தான் நான் இன்று உங்களுக்கு முக்கியமாகச் சொல்லவேண்டும். முதலில், கடிதம் எந்த நாளில் கையில் கிடைத்தது என்று கேட்டு, அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டார். அரசாங்க ஊழியர்களின் நடத்தையையும் ஒழுங்கையும் பற்றிய 1993ஆம் ஆண்டு விதிகளின்படி, இத்தகைய கடிதத்துக்கு எழுத்து மூலம் பதில் அளிக்க 21 நாள் அவகாசம் உண்டு. 'இன்றிரவே எழுதிவிடவேண்டும்' என்று துடித்த தம்பிக்கு அது முதல் ஆறுதல். அடுத்து, கடிதத்தில் எந்த விதி காட்டப்பட்டிருக்கிறது, என்ன தண்டனையைக் கருதி எழுதப்பட்டிருக்கிறது என்று வரி வரியாகப் படித்தார். பணி நீக்கத்தைக் கருதிய நடவடிக்கை வேறு. எச்சரிக்கை, அபராதம் போன்றவற்றைக் கருதிய நடவடிக்கை வேறு. இரண்டுக்கும் விதிகள் தனித்தனி. தம்பிக்கு வந்தது இரண்டாவது வகை. அதைக் கேட்டதும் அவர் முகத்தில் ஓரளவு இரத்தம் ஊறியது.

மூன்றாவதாக, ஆதாரங்களைக் கேட்டார். ஓய்வு நேரக் கண்காணிப்பு அட்டவணை எங்கே? அலுவலகத்துக்கு அழைத்த குறிப்பு இருக்கிறதா? மருத்துவமனையில் பதிவு செய்த நேரம் என்ன? பள்ளிக் குறிப்பேட்டில் அன்று யார் என்ன எழுதினார்கள்? அட்டவணையை எடுத்துப் பார்த்தபோதுதான் ஓர் உண்மை வெளிப்பட்டது. கட்டடத்தின் இரு முனைகளிலும் உள்ள சிற்றுண்டிச்சாலைக்கும் திடலுக்கும் சேர்த்து ஒரே ஓர் ஆசிரியர்! ஒருவர் ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் நிற்க முடியுமா? ஆண்டு முழுவதும் அந்தத் தாள் எங்கள் அறையில்தான் தொங்கியது. நாங்கள் யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை. நானும்தான்.

ஆனால் செயலாளர் தம்பியையும் விட்டுவிடவில்லை. "அலுவலகத்துக்குப் போகுமுன் இன்னொருவரிடம் சொல்லி நிற்க வைத்தீர்களா?" என்று கேட்டார். இல்லை. "அதை முதலில் எழுதுங்கள்" என்றார். அந்தப் பதில் இரண்டே பக்கம். அதில் கெஞ்சலும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. தம் குறை இன்னது, சூழ்நிலை இன்னது, ஆதாரங்கள் இவை என்று தெளிவாக இருந்தது.

இங்கே ஒரு கசப்பான செய்தியையும் சொல்லவேண்டும். அந்தத் தம்பி அப்போது சங்க உறுப்பினர் அல்லர். சேர்க்கைப் படிவம் ஓராண்டாக அவர் மேசை இழுப்பறையில் கிடந்தது. பொதுவாகத் தொழிற்சங்கங்களில், சிக்கல் நேர்வதற்கு முன்பே உறுப்பினராக இருந்தவருக்குத்தான் வழக்கறிஞர் உதவி போன்றவை கிடைக்கும். அன்று செயலாளர் வந்தது மனிதாபிமானத்தால். "இது விசாரணை, வழக்கு என்று நீண்டால் சங்கத்தின் சட்ட உதவிக்கு என்னால் உறுதி சொல்ல முடியாது, தம்பி" என்று அவர் சொன்னபோது அந்த அறையில் யாரும் பேசவில்லை. வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டப் போனவர் நிலைதான்.

நேயர்களே, இந்தக் கதையின் முடிவைப் பிறகு சொல்கிறேன். அதற்குமுன், இந்தச் சங்கம் என்பது எங்கிருந்து வந்தது, அதன் வேலை என்ன என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

நம் தோட்டப் பள்ளிகளின் வரலாறு உங்களுக்குத் தெரியும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தவேண்டும் என்று விதித்தது. பள்ளி வந்தது, ஆனால் எப்படிப்பட்ட பள்ளி? பல தோட்டங்களில் கிராணியோ கங்காணியோ ஓய்வு நேரத்தில் ஆசிரியராக இருந்தார். முழுநேர ஆசிரியர் இருந்த இடத்திலும் அவருக்குச் சம்பளம் கொடுத்தது தோட்ட நிர்வாகம்; குடியிருந்தது தோட்டத்து வீட்டில். துரைக்கு மனவருத்தம் ஏற்பட்டால் வேலையும் போகும், வீடும் போகும். தமக்கு நேர்ந்ததை எடுத்துச் சொல்ல அவருக்கு ஓர் இடமில்லை. தனி மனிதர், எதிரே ஒரு நிர்வாகம்.

1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையும், அதைத் தொடர்ந்து வந்த 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் தமிழ்த் தொடக்கப்பள்ளிகளைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தன. அந்த அறிக்கையைக் கூட்டரசு சட்டமன்றம் ஏற்றுக்கொண்ட மே 16ஆம் நாளைத்தான் நாம் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். ஆயினும் அரசாங்க உதவி பெறும் பள்ளிகளின் ஆசிரியர்கள் அக்காலத்தில் பள்ளி வாரியங்களின் ஊழியர்களாகவே கருதப்பட்டார்கள். அரசாங்க ஊழியருக்குரிய வசதிகள் அவர்களுக்கு முழுமையாகக் கிட்டவில்லை. ஒரே வேலை, ஆனால் ஒரே நிலை இல்லை.

1954ஆம் ஆண்டில் தோன்றிய தேசிய ஆசிரியர் சங்கம் இந்தக் குறையை எடுத்துப் பேசியது. பேச்சில் தீராத நிலையில், 1967ஆம் ஆண்டில் ஆசிரியர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். அதன்பின் ஆசிரியர் சேவையை ஆராய அப்துல் அஸிஸ் தலைமையில் அரச ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. 'அஸிஸ் அறிக்கை' என்று மூத்த ஆசிரியர்கள் இன்றும் நினைவுகூர்வது அதைத்தான். ஆசிரியர்களின் சம்பள முறை திருத்தப்படவும், அவர்கள் அரசாங்கச் சேவையின் ஒரு பகுதியாக ஆகவும் அது வழி வகுத்தது. 1974ஆம் ஆண்டில் கல்விச் சேவைக்கென்றே தனி ஆணையம் செயல்படத் தொடங்கியது. அதே 1974ஆம் ஆண்டில் தேசிய ஆசிரியர் சங்கமும் தேசியப் பள்ளி ஆசிரியர்களின் சங்கமும் இணைந்து, என்.யூ.டி.பி. என்று நாம் சொல்லும் தேசிய ஆசிரியர் தொழிற்சங்கம் உருவாயிற்று. இன்று அதில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் உறுப்பினர்கள்.

பெண் ஆசிரியர்களின் கதை இன்னும் வேதனையானது. ஒரே பயிற்சி, ஒரே வகுப்பு, ஒரே நேரம். ஆனால் பெண் என்பதற்காகச் சம்பளம் குறைவு. இந்த அநீதியை எதிர்த்து 1960ஆம் ஆண்டில் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தோற்றுவித்தவர் ராசம்மா பூபாலன். ஈப்போவில் பிறந்து, இளம் வயதில் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர் அவர். பின்னாளில் கோலாலம்பூரில் பள்ளித் தலைமையாசிரியை. அவரும் அவருடைய தோழியரும் ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்தார்கள், வாதாடினார்கள். அரசாங்கச் சேவையில் பெண்களுக்குச் சம ஊதியம் 1969ஆம் ஆண்டில் வந்தது. இன்று நம் பள்ளிகளில் பெரும்பாலோர் பெண் ஆசிரியர்கள். மாதம் தவறாமல் வங்கிக்கு வரும் அந்தச் சம்பளத்தில் ஒரு பகுதி, முன்னே நடந்தவர்களின் வியர்வை என்பதை எத்தனை பேர் அறிவோம்?

சரி, சங்கத்துக்கு இந்த உரிமை எங்கிருந்து வந்தது? நம் கூட்டரசு அரசியலமைப்பின் 10ஆம் விதி, குடிமக்கள் சங்கம் அமைக்கும் உரிமையை ஏற்கிறது. 1959ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம், அந்தச் சங்கம் எப்படிப் பதிவு பெறவேண்டும், எப்படிக் கணக்குக் காட்டவேண்டும் என்று வரையறுக்கிறது. அதே அரசியலமைப்பின் 135ஆம் விதி இன்னொன்றையும் சொல்கிறது. பொதுச் சேவையில் இருக்கும் ஒருவரை, அவர் தரப்பை எடுத்துச் சொல்ல நியாயமான வாய்ப்பு அளிக்காமல் வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. இந்த வாய்ப்பு ஏட்டில் இருக்கிறது. ஏட்டில் இருப்பதைக் கையில் எடுத்துக் கொடுப்பதுதான் சங்கத்தின் முதல் வேலை. பயந்துபோன மனிதனுக்குச் சட்டப் புத்தகம் தானாகத் திறக்காது. பக்கத்தில் உட்கார்ந்து திறந்து காட்ட ஒருவர் வேண்டும்.

சங்கத்தின் பணிகளை மூன்றாகப் பிரித்துச் சொல்லலாம்.

முதலாவது, தனி உறுப்பினருக்குத் துணை நிற்பது. மேலே சொன்ன கடிதம் போன்றவை மட்டுமல்ல. சம்பள உயர்வு கணக்கில் ஏறாமல் விட்டுப்போவது, கணவன் ஓர் ஊர் மனைவி ஓர் ஊர் என்று பிரிந்திருப்பவர்களின் இடமாற்ற மனு, பதவி உறுதிப்பாட்டில் தாமதம், ஓய்வூதியத்துக்குச் சேவைக் காலம் சரியாகக் கணக்கிடப்படாதது இவையெல்லாம் அதில் அடங்கும். தனி ஒருவர் மூன்று முறை எழுதிப் பதில் வராத விஷயத்துக்குச் சங்கத்தின் கடிதத்தாளில் ஒருமுறை எழுதினால் பதில் வருவதை நான் கண்டிருக்கிறேன். அதில் மந்திரம் ஒன்றுமில்லை. எந்த அதிகாரிக்கு எழுதுவது, எந்தச் சுற்றறிக்கையைக் குறிப்பிடுவது, எத்தனை நாளில் நினைவூட்டுவது என்பது அவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, எல்லாருக்கும் பொதுவான குறைகளைப் பேசவேண்டிய இடத்தில் பேசுவது. தனியார் துறையில் தொழிற்சங்கமும் முதலாளியும் கூட்டு ஒப்பந்தம் செய்துகொள்வார்கள். 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தில் கூட்டு ஒப்பந்தம் பற்றிய பகுதி அரசாங்க ஊழியர்களுக்குப் பொருந்தாது. எனவே ஆசிரியர் சங்கத்தின் வழி வேறு. மனு, கோரிக்கை அறிக்கை, பேச்சுவார்த்தை, தேசியக் கூட்டு மன்றம், ஒவ்வோர் இலாகாவிலும் நிர்வாகத்தினரும் ஊழியர் பிரதிநிதிகளும் எதிரெதிரே அமரும் இலாகாக் கூட்டு மன்றம் ஆகியவையே அதன் களங்கள். அரசாங்க ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான கியூபெக்ஸும் இந்தக் களத்தில் இருக்கிறது. 2012ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் புதிய சம்பளத் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. உச்சிப் பதவியில் உள்ளவர்களுக்கும் கீழ்ப் படியில் உள்ளவர்களுக்கும் இடையே உயர்வில் பெரும் வேறுபாடு இருக்கிறது என்று சங்கங்கள் எடுத்துரைத்தன. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் அரசாங்கம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

வேலைச் சுமையும் அப்படியே. பள்ளி அளவிலான மதிப்பீடு வந்த புதிதில், ஒவ்வொரு மாணவரின் அடைவுநிலையையும் இணையத்தில் பதிவு செய்யவேண்டியிருந்தது. பகலில் இணைப்பு நெரிசல். ஆசிரியர்கள் நள்ளிரவில் விழித்திருந்து பதிவு செய்தார்கள். எங்களைப் போன்ற தோட்டப்புற ஆசிரியர்கள் அலை கிடைக்கும் மேட்டைத் தேடிச் செம்பனைக்குள் மோட்டார் சைக்கிளில் அலைந்தோம். இதை ஒருவர் சொன்னால் 'முணுமுணுப்பு' என்பார்கள். நாடெங்கும் ஆசிரியர்கள் சங்கத்தின் வழியாகவும் வேறு வழிகளிலும் சொன்னபோது, 2014ஆம் ஆண்டில் அமைச்சு அந்த முறையை மறுஆய்வு செய்து பதிவுச் சுமையைக் குறைத்தது. இரவில் தூங்கிய ஆசிரியர்தாம் காலையில் பிள்ளைகளிடம் சிரித்த முகத்தோடு நிற்பார். ஆகவே இது ஆசிரியர் நலன் மட்டுமன்று, மாணவர் நலனும் ஆகும்.

மூன்றாவது, கல்வியைப் பற்றியே கருத்துச் சொல்வது. அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் யுனெஸ்கோவும் 1966ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் ஆசிரியர்களின் நிலை பற்றி ஒரு பரிந்துரையை ஏற்றுக்கொண்டன. உலக ஆசிரியர் நாள் 1994 முதல் அந்தத் தேதியில் கொண்டாடப்படுவதற்கு அதுவே காரணம். கல்வி முன்னேற்றத்துக்கு ஆசிரியர் அமைப்புகள் பெரிதும் உதவக்கூடிய சக்தி என்றும், கல்விக் கொள்கையை வகுக்கும்போது அவற்றையும் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்றும் அந்தப் பரிந்துரை சொல்கிறது. ஒரே அறையில் இரண்டு ஆண்டு மாணவர்களைச் சேர்த்து நடத்தும் கூட்டு வகுப்பின் சிரமம் என்ன என்பதை, அந்த அறையில் நிற்பவரைவிட யார் நன்றாகச் சொல்ல முடியும்?

சங்கத்தால் எல்லாம் முடியுமா என்றால், முடியாது. தவறு செய்தவரைத் தவறில்லாதவர் ஆக்க முடியாது, ஆக்கவும் கூடாது. பிள்ளைக்குத் தீங்கு செய்த ஒருவரை மூடி மறைப்பது சங்கத்தின் வேலையன்று. ஆனால் அவரும் நியாயமான முறையில் விசாரிக்கப்படவேண்டும் என்று கேட்பது அதன் வேலை. நோயாளி நல்லவரா கெட்டவரா என்று பார்த்தா மருத்துவர் காய்ச்சலை அளக்கிறார்? வேலை நிறுத்தமும் நினைத்தவுடன் நடப்பதன்று. உறுப்பினர்கள் இரகசிய வாக்கெடுப்பில் இணங்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அது கடைசிக் கதவு. நல்ல சங்கம் அந்தக் கதவருகே போகாமலே காரியத்தை முடிக்கப் பார்க்கும்.

சில ஆசிரியர் நண்பர்கள் சொல்வதுண்டு: "ஆசிரியப் பணி தெய்வப் பணி, நமக்குத் தொழிற்சங்கம் எதற்கு? அது தொழிலாளிகளுக்கு" என்று. அவர்களுக்கு என் பதில் இதுதான். நம்மில் பலர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். 1954ஆம் ஆண்டில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகி, நம் தாய் தந்தையரின் கூலிக்காகவும் குடியிருப்புக்காகவும் பேசியது. அன்று பால்வாளி தூக்கியவர்கள் சந்தா கட்டியதில் நம் வீட்டு அடுப்பும் எரிந்தது. அவர்கள் பிள்ளைகளாகிய நாம் சங்கம் என்றால் முகம் சுளிப்பது எந்த வகையில் சரி? பணி தெய்வீகமாக இருக்கட்டும். பணி செய்பவர் மனிதர்தாமே. அவருக்கும் நோய் வரும், கடன் வரும், கடிதமும் வரும்.

"சங்கம் எனக்கு என்ன செய்தது?" என்று கேட்பவர்களும் உண்டு. கேட்கலாம், கேட்கவேண்டும். ஆனால் அந்தக் கேள்வியைத் தேநீர்க் கடையில் கேட்காமல், ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்கவேண்டும். நிர்வாகிகளை இரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கும் உரிமை உறுப்பினருக்கு உண்டு. ஆண்டுதோறும் கணக்கைப் பார்க்கும் உரிமை உண்டு. நாம் போகாத கூட்டத்தில், நாம் போடாத வாக்கில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் சரியில்லை என்று குறை சொன்னால், அந்தக் குறையில் பாதி நம்முடையதுதான். ஊர் கூடி இழுத்தால்தான் தேர் நகரும். வேடிக்கை பார்ப்பவர் கூடினால் கூட்டம்தான் சேரும்.

இளைய ஆசிரியர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். பணியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே சங்கத்தில் சேருங்கள். நியமனக் கடிதம், உறுதிப்பாட்டுக் கடிதம், இடமாற்றக் கடிதம், சம்பள விவரம் எல்லாவற்றுக்கும் ஒரு கோப்பு வைத்து, வீட்டில் ஒரு படி வைத்திருங்கள். வாய்மொழி உத்தரவு வந்தால் அதைத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். கடிதம் வந்தால் அன்றே பதில் எழுதாதீர்கள். அதே சமயம் காலக்கெடுவையும் தவறவிடாதீர்கள். கோபத்தில் எழுதியதை ஓர் இரவு தூங்க விடுங்கள். எழுதிய பதிலை அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டுங்கள். அனுப்பியதற்கு அத்தாட்சி வாங்குங்கள். உங்கள் பக்கத்து அறையில் இன்னோர் ஆசிரியர் வாடிய முகத்தோடு இருந்தால், 'என்ன சேதி?' என்று கேளுங்கள். சங்கம் அங்கேதான் தொடங்குகிறது.

இனி, அந்தத் தம்பியின் கதைக்கு வருகிறேன்.

பதிலை அனுப்புவதற்கு முன் செயலாளர் இன்னொன்று சொன்னார்: "பையனைப் போய்ப் பாருங்கள். பழம் ஏதாவது வாங்கிப் போங்கள். ஆனால் கடிதத்தைப் பற்றியோ புகாரைப் பற்றியோ ஒரு சொல்லும் பேசாதீர்கள். புகாரை மீட்டுக்கொள்ளச் சொன்னதாக ஆகிவிடக் கூடாது." தம்பியோடு நானும் போனேன். பையன் கட்டுப் போட்ட கையோடு வாசலுக்கு ஓடி வந்து, "சார்!" என்று அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டான். தகப்பனார் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "பிள்ளைங்க விழறது சகஜம்தான், சார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே, அதுதான் மனசு ஆறல." தம்பி கை கூப்பி, "சொல்லியிருக்கணுங்க" என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை.

சில மாதங்கள் கழித்து முடிவு வந்தது. விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது, இனிமேல் பொறுப்பை மற்றொருவரிடம் ஒப்படைக்காமல் இடத்தை விட்டு நகரக் கூடாது என்ற அறிவுரையோடு விஷயம் முடிந்தது. அந்த அறிவுரை நியாயமானது என்று அவரே சொன்னார். அத்தோடு இன்னொன்றும் நடந்தது. ஆசிரியர் கூட்டத்தில் அந்தக் கண்காணிப்பு அட்டவணையை நாங்கள் எல்லாரும் சேர்ந்து எடுத்துப் பேசினோம். திடலுக்கு ஒருவர், சிற்றுண்டிச்சாலைக்கு ஒருவர் என்று மாறியது. ஓய்வு நேரத்தில் காவலில் இருப்பவரைப் படிவத்துக்காக அழைப்பதில்லை என்று முடிவாயிற்று. பெற்றோர்களின் தொலைபேசி எண்கள் அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டன. விபத்து நேர்ந்தால் வீட்டுக்குச் சொல்லவேண்டியவர் யார் என்பதும் எழுதப்பட்டது.

நேயர்களே, கூர்ந்து பார்த்தால் இதில் யார் காப்பாற்றப்பட்டார்? ஓர் ஆசிரியரின் வேலை காப்பாற்றப்பட்டது உண்மை. ஆனால் அதற்குப் பின் அந்தத் திடலில் விளையாடிய ஒவ்வொரு பிள்ளையும் முன்னைவிடப் பாதுகாப்பாக விளையாடியது. ஓர் ஆசிரியர் தனியாகத் தண்டிக்கப்பட்டிருந்தால், அல்லது தனியாக மன்னிப்புக் கேட்டுத் தப்பியிருந்தால், அந்த அட்டவணை அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். அடுத்த பையன் விழும்வரை யாரும் அதைப் பார்த்திருக்கமாட்டோம். தனி ஒருவரின் துன்பத்தில் பொதுவான குறை எது என்று கண்டுபிடித்து, அதைச் சரிசெய்யவேண்டிய இடத்துக்குக் கொண்டுபோவதுதான் சங்கத்தின் உண்மையான பணி.

கடிதத்துக்குப் பதில் அனுப்பிய அன்று மாலையே அந்தத் தம்பி இழுப்பறையிலிருந்த படிவத்தை நிரப்பிவிட்டார். இன்று அவர் வேறொரு பள்ளியில் இருக்கிறார். கிளைக் குழுவில் ஓர் உறுப்பினர். அண்மையில் ஒரு கூட்டத்தில் சந்தித்தேன். புதிதாகப் பணியில் சேர்ந்த ஓர் ஆசிரியையிடம் ஒரு படிவத்தைக் கொடுத்து, "இதை இழுப்பறையில் வைக்காதீர்கள், அம்மா. இங்கேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியர்களில் யாருடைய இழுப்பறையிலாவது அப்படியொரு படிவம் கிடந்தால், இன்றே அதை வெளியே எடுங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.

வணக்கம்.